எட்டாவது ஆள்

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும், வாசலையொட்டி மர நிழலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள் அது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாதத்தில் ஒன்றிரண்டு திங்கட்கிழமை நானும் அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து காசு வாங்காமல் எழுதித் தருகிறேன். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களை, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஜவுளிக்கடைக் கவர் ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருப்பார்கள். அதற்குள் ஆதார், குடும்ப அட்டை, இறப்புச் சான்று, இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த ரசீது, பிள்ளையின் படிப்புச் சான்று, எல்லாவற்றிலும் நாலைந்து ஜெராக்ஸ். கவரைப் பிரிக்கும்போதே கதையும் தொடங்கிவிடும். கல்யாணம், குடி, அடி, அவன் போன நாள், அதற்கப்புறம்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி, இதை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். விரல் மடக்கி எண்ணினாள். ஸ்கூல் எச்.எம்., விஏஓ, ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் கிளார்க், மகளிர் ஸ்டேஷன், வக்கீல், இ-சேவை மையத்துப் பையன். "எட்டாவது நீங்கக்கா" என்றாள்.

அந்த எட்டுப் பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆசிரியர், வருவாய்த்துறை ஊழியர், செவிலியர், வழக்கறிஞர், மனநல ஆலோசகர் என்று தொழில்முறையாக இந்தக் குடும்பங்களைச் சந்திக்கிறவர்கள் என்ன செய்ய முடியும், இப்போது என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி. நல்ல மனசு இவர்களில் பலருக்கு உண்டு. ஆனால் ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு விண்ணப்பம். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் அந்தத் தாய். ஒவ்வொரு ஓட்டமும் அரை நாள் கூலி.

இதில் பிள்ளைக்கு என்ன சேதம் என்று கேட்கலாம். அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளை தறிகெட்டுப் போகும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. இதைப் பற்றி அதிகம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். பால் அமாட்டோவும் புரூஸ் கீத்தும் 1991-இல், பெற்றோர் பிரிந்த பிள்ளைகளைப் பற்றி அதுவரை வந்திருந்த 92 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளிடையே வித்தியாசம் இருந்தது. ஆனால் ஊர் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக இல்லை. அதைவிட முக்கியமாக, ஓயாத சண்டைக்கு நடுவே அப்பா அம்மா இருவரோடும் வளர்ந்த பிள்ளைகள், பிரிந்துபோன வீட்டுப் பிள்ளைகளைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். 1994-இல் வந்த சாரா மெக்லனஹன், கேரி சாண்டஃபர் இருவரின் புத்தகம் இன்னொரு பக்கத்தைத் திறந்தது. தனிப்பெற்றோர் வீட்டுப் பிள்ளைகளின் பின்னடைவில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் வருமானம் விழுந்துபோவது. மீதியில் பெரும்பங்கு, பிள்ளையைக் கவனிக்க நேரம் இல்லாமல் போவதும் அடிக்கடி வீடு மாறுவதும். தாமே விரும்பித் தனியாகப் பிள்ளை பெற்று வளர்க்கும் பெண்களை பிரிட்டனில் ஆராய்ந்த சூசன் கோலம்போக், பணமும் துணையும் இருக்கும் அந்த வீடுகளில் பிள்ளைகள் நன்றாகவே வளர்வதைக் காட்டினார்.

ஒரு ஆள் குறைந்ததைவிட, அந்த ஆள் போன பிறகு தொடர்ந்து வருகிற சரிவுதான் பிள்ளையை வாட்டுகிறது என்பது இந்த ஆய்வுகளிலிருந்து எனக்குக் கிடைக்கும் செய்தி. காசு குறைவது, இடம் மாறுவது, அம்மா ஓய்ந்துபோவது, ஓயாத வழக்கு. போன ஆளை யாராலும் கொண்டுவர முடியாது. ஆனால் இந்தச் சரிவின் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு சம்பளக்காரர் நிற்கிறார்.

இந்தியக் கணக்குக்கு வருவோம். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, நம் நாட்டுக் குடும்பங்களில் 4.5 விழுக்காடு, அதாவது சுமார் 1.3 கோடிக் குடும்பங்கள், தாய் தனியாக நடத்துபவை என்றது. தாய் தந்தை இருவரும் உள்ள வீடுகளில் 22.6 விழுக்காடு வறுமையில் இருக்க, இந்த வீடுகளில் அது 38 விழுக்காடு. அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது; எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சுமார் 3.2 கோடித் தாய்மார்கள் பிறந்த வீட்டிலோ வேறு சொந்தக்காரர் வீட்டிலோ ஒண்டியிருக்கிறார்கள். எந்தக் கணக்கெடுப்பிலும் தனிக் குடும்பமாக எழுந்து நிற்காதவர்கள். 'வாழாவெட்டி' என்று ஊர் முதுகுக்குப் பின்னால் சொல்கிறதே, அந்தப் பெண்கள் இவர்களுக்குள் இருக்கிறார்கள். அண்ணி வாசல் பெருக்கச் சொல்லும் முன்னே எழுந்து பெருக்கிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

இவர்களுக்கு வரும் சிக்கல் நுணுக்கமானது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண். மகள் திரும்பி வந்திருக்கும் வீட்டில் அந்த ஒருத்தி பெரும்பாலும் அம்மாவோ அண்ணியோதான். தனி அட்டை வாங்கலாம் என்றால் புருஷன் வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். அங்கே போய் நிற்கப் பயந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். இந்த முடிச்சை அவிழ்க்க வட்ட வழங்கல் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், என்ன எழுதித் தர வேண்டும் என்று ஒரு அங்கன்வாடிப் பணியாளர் சொல்லித் தந்தாலே போதும். அவருக்குத்தான் அந்தத் தெருவில் யார் வீட்டில் யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்பது முதலில் தெரியும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அடிக்கடி வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தான். "அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ளே விடுவேன்" என்று ஒரு நாள் வெளியே நிறுத்தினேன். மறுநாள் கூட்டி வந்தான். காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு, "இனிமே ஒழுங்கா எழுதுவான் டீச்சர், நான் பொறுப்பு" என்றார். பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி ஓட்டுபவர் என்பதும், பையனின் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பதும் பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட். வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அவன் தங்கைக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்தப் பையனுக்காக நான் செய்திருக்க வேண்டியவை மிகச் சின்ன விஷயங்கள். "வீட்டில் பெரியவங்க யாராவது வரட்டும்" என்று சொல்லியிருந்தால் அவன் ஒரு அப்பாவை இரவல் வாங்கியிருக்க மாட்டான். வீட்டுப்பாடத்தை மதிய இடைவேளையில் வகுப்பிலேயே எழுத விட்டிருக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை அவன் அம்மாவுக்கு லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கச் சொல்லியிருக்கலாம். பணம் தேவைப்படாத, அரசாணை தேவைப்படாத காரியங்கள்.

அரசாணை உள்ள காரியமும் ஒன்று உண்டு. அது பல ஆசிரியர்களுக்கே நினைவிருப்பதில்லை. அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அந்தப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். லாரி மோதி அப்பா செத்த வீட்டில், கருமாதி முடிந்த கையோடு அந்த விண்ணப்பத்தோடு வாசலில் போய் நிற்கிற தலைமையாசிரியர் அந்தத் தாயின் நாலு ஓட்டத்தை மிச்சப்படுத்துகிறார்.

இன்னொன்று, பள்ளியில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது, சாவைப் பற்றிய பேச்சு. அப்பா ஊருக்குப் போயிருக்கார், சாமிகிட்ட போயிட்டார் என்று சொல்லி வைப்பது நம் வீட்டு வழக்கம். தூக்கு மாட்டிக்கொண்ட வீடுகளிலும் குடித்துச் செத்த வீடுகளிலும் அந்தப் பேச்சும் கிடையாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, ஒரே தெருவில் எத்தனை பிள்ளைகள் ஒரே இரவில் தகப்பனை இழந்திருப்பார்கள் என்று யோசித்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காரணம் தெரியும், டீச்சருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் அந்தப் பிள்ளையிடம் பேசுவதில்லை. அமெரிக்காவில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் தாயையோ தந்தையையோ இழந்த பள்ளிப் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில்தான் தெளிவாகத் தெரிந்தது. நம் ஊரில் பதினாறாம் நாளோடு பாதிச் சொந்தம் போய்விடும், தலைத்திவசத்தோடு மீதி. பிள்ளைக்குத் துக்கம் முற்றுகிற நேரத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. அப்போதும் தினம் அவனைப் பார்க்கிற பெரியவர் வகுப்பாசிரியர். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே இறந்த தேதியைச் சின்னதாகக் குறித்து வைத்து, ஒவ்வொரு வருஷமும் அந்த வாரம் அவனிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று இளைய ஆசிரியைகளிடம் சொல்லி வருகிறேன்.

எஞ்சியிருக்கும் பெற்றோருக்குக் கைகொடுப்பதுதான் பிள்ளைக்குக் கைகொடுப்பது என்பதற்கும் நல்ல ஆதாரம் உண்டு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இர்வின் சாண்ட்லர் குழுவினர், துணையை இழந்தவர்களைச் சில வாரங்கள் குழுவாக உட்காரவைத்து, பிள்ளை பேசும்போது காது கொடுப்பது, வீட்டில் ஒழுங்கு தளராமல் பார்ப்பது, தன் துக்கத்தையும் கவனிப்பது என்று பழக்கினார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பிள்ளைகளிடம் பலன் தெரிந்தது. நம்மிடம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் எந்நேரமும் இலவசம். ஒரு சுயஉதவிக் குழுவின் மாதக் கூட்டத்துக்கு ஒரு ஆலோசகர் போய் உட்கார்ந்தால் போதும். தனியாக மனநலப் பிரிவுக்கு வா என்றால் எந்தப் பெண்ணும் வர மாட்டாள். ஊர் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது.

வருவாய்த்துறைக்கு வருகிறேன். மனு எழுதுகிறவள் என்ற முறையில் என் ஆதங்கம் அதிகம் இங்கேதான். ஆதரவற்ற கைம்பெண்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு மாத ஓய்வூதியம் தருகிறது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. கைவிடப்பட்டவர்களுக்கான விதியைப் படித்துப் பாருங்கள். முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், அல்லது அவன் விட்டுப்போய் ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். இருபத்து மூன்று வயதில் இரண்டு கைக்குழந்தைகளோடு விடப்பட்டவளுக்கு எந்த வருஷம் உதவி அதிகம் தேவை? முதல் வருஷம். அந்த முதல் வருஷத்தில் அவள் கைவிடப்பட்டவளாகவே கணக்கில் வரமாட்டாள். இந்த விதி மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதுவரை வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் ஆள் இல்லை. மிஷன் வாத்சல்யா என்ற மத்தியத் திட்டத்தில், தாய் கைம்பெண்ணாகவோ மணமுறிவு பெற்றவராகவோ குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து வருஷக் காத்திருப்பு அதில் இல்லை. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். அந்த அலுவலகம் ஆட்சியர் வளாகத்தைச் சுற்றியேதான் இருக்கும். ஆனால் ஓய்வூதிய மனுவோடு வரும் பெண்ணிடம், அங்கேயும் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போம்மா என்று சொல்கிற கிளார்க்கை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் விட்டுப்போன அல்லது பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும். கொரோனா காலத்தில் ஒரு பெற்றோரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் தர அரசு முடிவெடுத்ததும் இங்கே நடந்ததுதான். மனமில்லாத அரசு என்று சொல்ல மாட்டேன். கதவுகள் நிறைய, ஒவ்வொரு கதவுக்கும் வேறு வேறு சான்று.

காகிதத்தில் சட்டம் எப்போதோ நகர்ந்துவிட்டது. தந்தைக்குப் 'பிறகு' தாய் காப்பாளர் என்ற 1956-ஆம் ஆண்டுச் சட்ட வரியை, தந்தை பொறுப்பில் இல்லாதபோது அவர் உயிரோடு இருந்தாலும் தாயே காப்பாளர் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மணமாகாத தாய், பிள்ளையின் தகப்பன் யாரென்று சொல்லாமலே காப்பாளர் ஆகலாம் என்ற தீர்ப்பு 2015-இல் வந்தது. 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெற்றோர் பெயர் போதும். 2018 டிசம்பரிலிருந்து, தாய் மட்டும் உள்ளவர்களுக்கு பான் அட்டையில் தந்தை பெயர் கட்டாயமில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் என்றால் "அப்பா கையெழுத்து எங்கே" என்று கேட்கிறார்கள். கேட்பவர் கெட்டவர் இல்லை, பழைய பழக்கம். அந்தப் படிவத்தில் 'தந்தை பெயர்' என்ற இடத்தை 'பெற்றோர் / காப்பாளர்' என்று திருத்தி அச்சடிக்கச் சொல்ல ஒரு கண்காணிப்பாளருக்கு அதிகாரம் உண்டு.

நீதிமன்றத்தில் நேரம்தான் எதிரி. ஜீவனாம்ச வழக்கில் இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த அறுபது நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றது. ஆனால் வாய்தா வாய்தாவாகப் போகிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும், அதற்கான 15100 என்ற எண்ணையும் முதல் நாளே சொல்ல வேண்டியவர் மகளிர் காவல் நிலைய எழுத்தர்.

வழக்கறிஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மனுவில் எழுதும் வார்த்தைகளைப் பார்த்து எழுதுங்கள். கேஸ் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அவளுடைய நடத்தையைப் பற்றியும் அவனுடைய ஆண்மையைப் பற்றியும் நாலு பக்கம் சேர்க்கிறீர்கள். அந்தக் கட்டு வீட்டுப் பீரோவில்தான் இருக்கும். பத்தாம் வகுப்பு லீவில் அதை எடுத்துப் படித்த ஒரு பெண்பிள்ளையை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் அப்பாவிடமும் பேசவில்லை, ஒரு வருஷம் அம்மாவிடமும் சரியாகப் பேசவில்லை.

அப்பாக்களைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்கள் குறைவு. மனைவி இறந்தால் அடுத்த வருஷமே கல்யாணம் பேசிவிடுவார்கள். அதை மறுத்து நிற்பவரை அலுவலகமும் புரிந்துகொள்வதில்லை. மத்திய அரசு 2018-இல் தனித்த ஆண் ஊழியர்களுக்கும் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு என்றாக்கியது நல்ல தொடக்கம். கூலி வேலை பார்ப்பவருக்கு அதுவும் இல்லை. எங்கள் பக்கத்து அங்கன்வாடியில், மனைவியை இழந்த ஒரு கொத்தனார் மகளைத் தலை சீவாமல் கொண்டுவந்து விட்டுப் போவார். அந்தப் பணியாளர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் சீப்பை அவர் கையிலேயே கொடுத்து, மூன்று பிரியாக எப்படிப் பிரிப்பது என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். தானே பின்னிவிட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

சகோதரி சுப்புலட்சுமியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சிறுவயதிலேயே கைம்பெண்ணாகிப் படித்து ஆசிரியையானவர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் கைம்பெண்களுக்கு விடுதி நடத்தினார். படுக்கவும் சாப்பிடவும் படிக்கவும் ஒரே கூரை. அலையவிடக் கூடாது என்பது அவருக்குத் தன் வாழ்க்கையிலேயே தெரிந்திருந்தது. இன்று அப்படி ஒரு கூரை எல்லோருக்கும் முடியாது. மேசைகளுக்கு நடுவே தாள் தானாக நகர வழி செய்யலாம்.

அதைச் செய்த ஒருவரை இந்த வருஷம் பார்த்தேன், நேரில் பார்க்காமலே. போன பங்குனியில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். வழக்கமான கவர். ஆனால் உட்கார்ந்ததும் கதையைத் தொடங்கவில்லை. லேமினேட் செய்த ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினாள். பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை எழுதியது. கணவர் விட்டுப்போன தேதி, பிள்ளைகளின் பெயர், வகுப்பு, அம்மாவின் வேலை, அவளிடம் உள்ள சான்றுகளின் எண்கள், எங்கெங்கே ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறாள் என்ற விவரம், எல்லாம் வரிசையாக இருந்தன. அடியில் பள்ளி முத்திரை, கையெழுத்து, கைப்பேசி எண். அதற்கு மேலே ஒரு வரி: இந்த விவரங்களைத் தாயிடம் மறுபடி கேட்க வேண்டாம், சந்தேகம் இருந்தால் என்னை அழைக்கவும்.

நான் பேனாவை எடுத்து மனுவின் முதல் வரியைத் தொடங்கினேன். "மெதுவா எழுதுங்கக்கா" என்றாள், "ஷிப்ட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு." பக்கத்தில் இருந்த திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.